கூட்டிக்கொண்டு வந்தவர்கள்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
எசாயா 35:4-7, யாக்கோபு 2:1-5, மாற்கு 7:31-37



இன்றைய நற்செய்தியில் வரும் சிலருக்குப் பெயர் இல்லை. மாற்கு அவர்களைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரி. காது கேளாத, பேச்சும் சரியாக வராத ஒருவரை இயேசுவிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவர்மேல் கை வைக்கும்படி கெஞ்சிக் கேட்டார்கள். அவர்கள் அண்ணன் தம்பிகளா, பக்கத்து வீட்டாரா, தெரியாது. இடம் தெக்கப்பொலி, யூதர் அல்லாதவர் மிகுந்து வாழ்ந்த பகுதி. அந்த மனிதரால் தானாக வந்திருக்க முடியாது. இயேசு என்று ஒருவர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார் என்ற செய்தியே அவர் காதுக்கு எட்டியிருக்காது. அவருக்காக இவர்கள் கேள்விப்பட்டார்கள், இவர்கள் நடந்தார்கள், இவர்கள் வாய் திறந்தார்கள். புதுமை நடந்தது அதற்குப் பிறகுதான்.

தானாக வர முடியாத இன்னொரு கூட்டத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நம் வீடுகளில் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். அவர்களில் சிலருக்குத் தலை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. சிலர் கூப்பிட்டால் திரும்புவதில்லை. சிலருக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு உதவி வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளால் சொல்ல முடியாது. நாம்தான் பார்க்க வேண்டும், நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையே என்று ஒரு தாய் வாய் திறந்தால் உடனே ஆறுதல் சொல்லிவிடுகிறோம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்." "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு பிந்தித்தான் வரும்." "போகப் போகச் சரியாயிரும், நீ மனசப் போட்டு உழட்டாத." அன்பினால்தான் சொல்கிறோம். சில பிள்ளைகள் விஷயத்தில் அது பலிக்கவும் செய்கிறது, ஏனென்றால் எல்லாப் பிள்ளையும் ஒரே தேதியில் எழுந்து நடப்பதில்லை. ஆனால் உண்மையிலேயே உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கு, அந்த ஆறுதல் அதன் மாதங்களைத் தின்றுவிடுகிறது. பெரியவர்களாகிய நமக்கு ஆறு மாதம் ஒன்றுமில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்கு அது பாதி ஆயுள்.

மருத்துவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள்? பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழ கால் பங்கு அளவுதான் இருக்கும். மூன்று வயதுக்குள் அது ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. கேட்கவும் பார்க்கவும் பேசவும் நடக்கவும் தேவையான இணைப்புகள் அந்தக் காலத்தில்தான் வேகவேகமாக உருவாகின்றன. தினமும் புழங்குகிற இணைப்பு பலப்படும், புழங்காதது தேய்ந்துபோகும். கடவுள் நம்மை அப்படிப் படைத்திருக்கிறார். பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டிக் கருவி பொருத்தினால் ஒலி உள்ளே போகும். ஆனால் அதைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை ரொம்பவும் திணறும். அதே பிள்ளைக்கு ஆறாவது மாதத்திலேயே கருவி கிடைத்துப் பயிற்சியும் கிடைத்தால், மற்றப் பிள்ளைகளோடு பேசிச் சிரித்துப் பள்ளிக்கூடம் போகிற வாய்ப்பு நிறைய உண்டு.

காதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். காது கேளாத பிள்ளையும் முதல் சில மாதங்களில் மற்றப் பிள்ளைகளைப் போலவே 'ங்கா' சொல்லும், குரல் கொடுக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் அது மெல்லக் குறையும். கதவை அடித்துச் சாத்தினால் திரும்புகிறது, ஆகவே காது கேட்கிறது என்று பாட்டி சொல்வார். அது கேட்டுத் திரும்பியிருக்க வேண்டியதில்லை, தரையில் வந்த அதிர்வுக்கும் நிழல் அசைந்ததற்கும் திரும்பியிருக்கலாம். சரியான பரிசோதனை மிகவும் எளிது. தூங்குகிற குழந்தையின் காதில் சின்னதாக ஒன்றைப் பொருத்திச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, சந்தேகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். மருத்துவ உலகம் வைத்திருக்கும் கணக்கு இது. சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். பிறவிக் காது கேளாமை அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக வருகிறது. குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளின் காதை முதல் மாதமே காட்டிவிடுங்கள் என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு நான் செபிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் செய்ததன் தொடர்ச்சி அது. இனிமேல் திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வரும்போது ஞானப்பெற்றோர் பெயரோடு இன்னொன்றும் கேட்கப்போகிறேன்: "பிள்ளைக்குக் காது பரிசோதனை பண்ணியாச்சா?" ஆண்டவரின் பெயரால் நான் தொடுகிற காது கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளும் கடமை எனக்கும் உண்டு.

வேறு சில காரியங்களிலும் முந்திக்கொள்வதுதான் எல்லாம். தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறக்கிற குழந்தை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், சாதுவாகத் தூங்கும், வீட்டில் எல்லோரும் 'தொந்தரவே இல்லாத பிள்ளை' என்று மெச்சுவார்கள். குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, முதல் சில வாரங்களிலேயே தினம் ஒரு சின்ன மாத்திரை தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சி இயல்பாகப் போகும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படும். குறைமாதத்தில், 2 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். எடை ஏறட்டும், பிறகு வெயிலில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தால் பார்வையே போய்விடக்கூடும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது என்று தாய்மார்கள் கேட்பீர்கள். இரண்டு மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஐந்தாம் மாதத்திலும் தலை நிற்கவில்லை. ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை. ஒரு வயது முடிந்தும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயது நெருங்கியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, எழுந்து நடக்கவும் இல்லை. இரண்டு வயதிலும் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. கை விரல்களை எந்நேரமும் இறுக்கி மூடியே வைத்திருக்கிறது, அல்லது ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது. பேசிய சொற்கள் நின்றுபோயின. இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் பயப்படவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். காட்டுங்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில், இதைக் கண்டறிய ஓர் அட்டவணை தயாரித்தார்கள். அதைப் பயன்படுத்த ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் போதும். அங்கன்வாடியில் வைத்தே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பெரிய மருத்துவமனை, பெரிய செலவு என்று தொடக்கத்திலேயே மலைக்க வேண்டியதில்லை.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். வந்தவரை இயேசு முதலில் என்ன செய்தார்? கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போனார். எல்லோர் கண்முன்னும் நிறுத்தி வேடிக்கைப் பொருளாக்கவில்லை. நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு தாயிடம் "இன்னும் நடக்கலையா? எத்தன வயசாச்சு?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்கிறோமே, ஆண்டவர் அதைச் செய்யவில்லை. பிறகு தம் விரல்களை அவர் காதுகளில் வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார். காது கேளாத ஒருவரிடம் முதலில் பேச்சால் பேசிப் பயனில்லை என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. உனக்கு எங்கே பிரச்சினை என்று எனக்குத் தெரியும், உதவி மேலேயிருந்து வருகிறது என்று, அவருக்குப் புரிகிற விதத்தில், தொட்டும் பார்த்தும் சொன்னார். பிள்ளையின் வழிக்கு நாம் போக வேண்டும் என்று இன்றைக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். நற்செய்தியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்றையும் மாற்கு விடாமல் எழுதியிருக்கிறார். ஆண்டவர் பெருமூச்சு விட்டார். இரவெல்லாம் விழித்திருந்து விடியற்காலையில் நீங்கள் விடுகிற மூச்சு, தாய்மார்களே, அவரும் விட்டதுதான்.

புதுமை என்றாலே ஒரு நொடியில் நடப்பது என்று நினைக்கிறோம். மாற்கு அடுத்த அதிகாரத்தில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரைப் பற்றிச் சொல்கிறார். இயேசு அவர்மேல் கை வைத்துவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். ஆண்டவர் அதோடு விடவில்லை, எரிச்சலும் படவில்லை. மறுபடியும் கை வைத்தார். தினமும் பயிற்சி கொடுத்தும் கொஞ்சம்தான் முன்னேறுகிறது என்று சலித்துப்போகிற பெற்றோர் அந்த இடத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். எட்டாம் அதிகாரம், 22 முதல் 26 வரை.

பீடி சுற்றுகிற ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பிள்ளை பிறந்தவுடன் அழவில்லை, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பத்து மாதமாகியும் உட்கார வைத்தால் சாய்ந்து விழுந்தது, கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொண்டன. காட்டிய ஒரு மருத்துவமனையில் வளர வளரப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு பயிற்சியாளர் வீடு தேடி வர ஆரம்பித்தார். நான் போயிருந்த அன்று பார்த்ததைச் சொல்கிறேன். சுளகும் பீடி இலையும் திண்ணைக்குப் போயிருந்தன. பழைய சேலையை இறுக்கிச் சுருட்டி, சுவர் இரண்டும் சேரும் மூலையில் வைத்து, அதன் நடுவே பிள்ளையை உட்கார்த்தியிருந்தார்கள். கால்கள் பின்னாமலிருக்கத் தொடைகளுக்கு நடுவே சின்னத் தலையணை. எதிரே ஓர் எவர்சில்வர் டம்ளர், அதில் ஒரு ஸ்பூன். தாய் டம்ளரைத் தட்டுகிறாள், கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துகிறாள், பிள்ளை தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கிறது. பயிற்சியாளர் பிள்ளையைவிடத் தாயிடம்தான் அதிகம் பேசினார். குளிப்பாட்டும்போது எப்படிப் பிடிக்க வேண்டும், சோறு ஊட்டும்போது அண்ணாந்து படுக்க வைக்கக் கூடாது, புரையேறும், நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், இடுப்பில் தூக்கும்போது இரண்டு காலும் அகன்றிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர் வந்து போவதனால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. மீதி நேரம் முழுவதும் குளியலும் சோறும் விளையாட்டும்தான் பயிற்சி. அந்தத் தாய்க்கு அது புரிந்திருந்தது. அந்தப் பிள்ளை இன்று ஒரு பிடிமானத்தோடு நிற்கிறது.

முழுக்கக் குணமாகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மூளை முடக்குவாதத்தைத் துடைத்து எடுக்கும் மருந்து இன்று இல்லை. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை அதோடுதான் வளரும், மற்றவர்களைவிடப் பிந்தித்தான் நடக்கும். அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும், அதை உடனே பார்த்தாக வேண்டும். ஆனால் மூட்டுகள் இறுகிப்போகாமல் காக்க முடியும், வலியைக் குறைக்க முடியும், தன் கையால் ஒரு வாய் சோறு எடுத்து உண்ணவும், வேண்டும் வேண்டாம் என்று தெரிவிக்கவும் கற்றுக்கொடுக்க முடியும். எசாயா வாசகம் இன்று நாலாம் வசனத்தில் தொடங்கியது. அதற்கு முந்தின வசனத்தை வீட்டில் பாருங்கள். தளர்ந்த கைகளைத் திடப்படுத்தவும் தள்ளாடும் முழங்கால்களை உறுதிப்படுத்தவும் இறைவாக்கினர் ஆணையிடுகிறார். பாலைநிலத்தில் நீரூற்று பிறக்கும் என்ற வாக்குறுதிக்கு முன்னால் அந்த வேலை வருகிறது.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த நிலையில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், சிறு பிள்ளைகளின் வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கிறது. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளி நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2013இல் நாடு முழுவதும் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஒன்று வண்டியில் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அன்றைக்குப் பிள்ளைக்குச் சளி, நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். சந்தேகம் என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது, கண் எல்லாம் ஒரே இடத்தில், கட்டணமில்லாமல். காது கேட்க உதவும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று சொல்லித் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த அட்டை உங்கள் பிள்ளையின் உரிமை. வாங்குங்கள்.

யார் செய்த பாவம் என்று சீடர்கள் ஒருமுறை பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டிக் கேட்டார்கள், யோவான் 9ஆம் அதிகாரத்தில். இவரும் இல்லை, இவர் பெற்றோரும் இல்லை என்று ஆண்டவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் இந்த ஊரில் மருமகளைப் பார்த்து "உன் ராசி", "கிரகணத்தன்னிக்கு வெளிய போனா" என்று பேசுகிற வாய் ஒன்று இருந்தால், அது ஆண்டவரின் தீர்ப்புக்கு மேலே தீர்ப்புச் சொல்கிற வாய். மாமியார்மாருக்கு நான் இதை மரியாதையோடு சொல்கிறேன். உங்கள் மடியும் உங்கள் தாலாட்டும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பது வேண்டாம், மணலில் குழி தோண்டி நிறுத்துவது வேண்டாம். பேசிக்கொண்டே இருங்கள், பாடுங்கள், கதை சொல்லுங்கள். அழுகிறது என்று கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்கள் நம்மில் பலர். பிள்ளைக்கு நடை வர வேண்டும் என்று வெள்ளியில் கால் உரு வாங்கி வைத்தவர்களும் இருக்கிறீர்கள். நேர்ச்சை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நேர்ச்சை போட்ட வாரத்திலேயே மருத்துவரையும் பாருங்கள் என்று சொல்கிறேன். நேர்ச்சை நிறைவேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு வருடத்தை விட்டுவிடுவது விசுவாசம் ஆகாது.

தகப்பன்மார் பலர் கேரளாவிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது பயிற்சி நடக்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இது அம்மா காரியம் என்று எழுந்து போகாதீர்கள்.

யாக்கோபு இன்று நம்மைக் கேட்ட கேள்வி கடினமானது. பொன் மோதிரம் போட்டவருக்கு முன்னால் இடம், ஏழைக்கு ஓரத்தில் இடம் என்று சபையில் பிரிக்கிறீர்களே என்கிறார். நம் கோவிலைப் பாருங்கள். கத்துகிற பிள்ளை, கையைக் காலை உதறுகிற பிள்ளை, அதை வைத்திருக்கும் தாய் எங்கே உட்கார்கிறாள்? வெளியே, கெபிக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில். யாரும் போகச் சொல்லவில்லை. பலிபீடத்துப் பக்கமிருந்து திரும்பிய தலைகளைப் பார்த்து அவளாகவே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு முதல் முன்வரிசையில் வலது பக்கம் இரண்டு பெஞ்சு அவர்களுக்கு. பிள்ளை சத்தம் போட்டால் மறையுரையை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பங்கு மண்டபத்தில் கிராம சுகாதார செவிலியரும் பயிற்சியாளர் ஒருவரும் வருகிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவாருங்கள், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த மதத்தவராக இருந்தாலும். தாய்சேய் அட்டையையும், பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அன்பியப் பொறுப்பாளர்கள் தங்கள் தெருவில் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் பார்த்து வையுங்கள், தயங்குகிற தாயோடு கூடவே நடந்து வாருங்கள். மாவட்ட மையத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள், வாடகை பங்கின் பொறுப்பு. எத்தனை வாரம் போக வேண்டியிருந்தாலும் அந்த ஆட்டோ வரும்.